கயிறு மாற்றும்போது சொல்வது

முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லையே நீ. தாண்டியிருந்தால் இந்த வேகாத வெயிலில் நான் ஏன் இங்கே வந்து குந்தியிருக்கிறேன்? மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன், என் சொந்தக் கையால், விரல் கடுக்கக் கடுக்க. மூன்றாம் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்கு ஒட்ட மேலே, ஒரு மனிதன் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் சொல்லியிருந்தேன். நீ எங்கே படித்தாய்? எருமை குட்டையில் மூக்கை நனைத்துவிட்டுத் திரும்பினதுபோல மேலே நாலு வரியை மோந்துவிட்டு மூடிப் போட்டுவிட்டாய். படித்தவனாம். கழுத்தில் அட்டை தொங்கவிட்டவனாம். சென்னியப்பன் இப்படி மனதுக்குள் யாரைக் குதறிக்கொண்டிருந்தாரோ அந்த ஆளை அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், நீலத் தகரக் கூரை போட்ட பனியன் கம்பெனியின் புது மேனேஜர் அவன். குரல் மட்டும்தான் தெரியும், அதுவும் போனில், அதுவும் பாதிப் பேச்சில் அறுகிற குரல். பழைய மேனேஜர் என்றால் கதையே வேறு. அவன் முகம் மழைக்கு முந்தின வானம் மாதிரி எல்லாவற்றையும் காட்டிவிடும். அவனிடம்தான் இடிபட்ட ஒரு மில்லிலிருந்து வாங்கிய சரக்கு லிஃப்ட்டைப் பேசி முடித்தார். லிஃப்ட் லாரி ஏறுவதற்குள் அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். புதியவன் போனில் ஒரே வாக்கியம்தான் சொன்னான்: "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க." கொடுத்தார். அதைத்தான் அவன் படிக்கவில்லை. படித்திருந்தால் இன்று காலை டீக்கடையில் கம்பெனி வாட்ச்மேன் அப்படிச் சிரித்துக்கொண்டே அந்தச் சேதியைச் சொல்லியிருக்க மாட்டான், சென்னியப்பனும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்திருக்க மாட்டார்.

"அண்ணா, கம்ப்யூட்டரைப் போட்டு எத்தன நேரமாச்சு. மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு. அடிச்சாச்சு. அப்புறம்?" என்றாள் மல்லேஸ்வரி. கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை போட்டிருப்பவள், நாற்பதைத் தொட்டவள், நாக்கில் மிளகாய் வைத்திருப்பவள். மின்விசிறி தலைக்குமேல் கிரீச் கிரீச் என்று சுற்றியது, காற்று மட்டும் கீழே வரவில்லை. ஜெராக்ஸ் மெஷினின் சூட்டு வாசனை, மல்லேஸ்வரி தலையில் வாடிய கனகாம்பரம், எங்கோ கருகுகிற சோளமாவு. "தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க எல்லாம் வல்ல சென்னிமலை ஆண்டவனை வேண்டுகிறேன்னு போடு" என்றார். அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "ஏனுங்கண்ணா, பொண்ணு கேட்டுப் போறீங்களா? அவங்க ஒரு நாளைக்கு இருநூறு மெயில் பாக்கறவங்க. விசயத்துக்கு வாங்க." "வர்றேன் ஆத்தா, வர்றேன். விசயம்னா வீசிப் போடறதா? ஆளைப் பாத்து, நெலவரம் பாத்து, பையத்தான் எறக்கணும்." "அப்ப எறக்குங்க. பக்கத்துக்கு இவ்வளவுன்னு எனக்கு வந்தாச் சரி" என்று அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றது. மணி பார்க்கப் பயமாக இருந்தது. எதிரே கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்தாகிவிட்டது. சாப்பாட்டு நேரம் முடிகிற மணிக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடலாம். இதோ. "கடந்த முப்பது வருடங்களாக நான் இயந்திர வியாபாரத்தில் நாணயமாக" என்று வாய் தானாக ஆரம்பித்தது. அவள் விரல்கள் பின்னாலேயே தட்டிக்கொண்டு போயின. அவர் மனம் அதற்கும் பின்னால், எங்கோ, புழுதியில் போய் நின்றது.

எப்படி எடுத்த எடுப்பில் சொல்வது? எவன் சொல்லியிருக்கிறான்? சந்தையில் தரகு பேசுகிறவன் விலையை வாயால் சொல்வானா? துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்துத்தான் பேச வேண்டும், ஒரு விரல் ஒன்று, மடக்கினால் பாதி, பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஈ பறப்பதுகூடத் தெரியக்கூடாது. முதலில் மழையைப் பேசு. அவன் பிள்ளைகளைக் கேள். மாட்டின் தாயைப் பற்றிச் சொல், தாயின் தாயைப் பற்றிச் சொல். அவன் கண் எங்கே போகிறது என்று பார். விரல் பிடி, உதறு, கோபித்துக்கொண்டு நாலு எட்டு நட, திரும்பி வா. எல்லாம் படிந்த பிறகு, மாட்டின் தும்புக் கயிற்றைப் பிடித்து இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றும்போது, அப்போதுதான், குரலைத் தாழ்த்தி, குறையைச் சொல்வது: இதற்கு இடதுபக்கம் நின்று கறக்காதே, உதைக்கும். அதைச் சொல்லாமல் கயிறு மாற்றினவனைச் சந்தை மறுபடி உள்ளே விடாது. சொன்னபிறகும் வாங்குகிறவன் துண்டை உதறிவிட்டுப் போகலாம், யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அந்தக் கடைசிச் சொல்தான் சொல். முன்னால் பேசினதெல்லாம் உமி. அது தெரியாத வயதில், மீசை அரும்பின காலத்தில், ஒரு கிடாரியைப் பிடித்துக்கொண்டு போய் வந்தவனிடமெல்லாம் முதல் வார்த்தையாகவே சொல்லிக்கொண்டு நின்றார், இது உதைக்கும், இது உதைக்கும் என்று. ஒருவனும் அடுத்த வார்த்தைக்கு நிற்கவில்லை. பொழுது சாய்ந்தது. கிடாரியும் அவரும் மட்டும் நின்றார்கள். அப்பன் சந்தை நடுவிலேயே செருப்பைக் கழற்றினான். "குறையை மூஞ்சில எழுதிட்டு வந்தா எவன்டா நிப்பான்?" அன்றைக்கு வாங்கின அடி இன்னும் இடது காதில் ரீங்காரமாக இருக்கிறது, மழைநாளில் கூடும். அந்தக் காதோடுதான் மாட்டுத் தரகை விட்டார், பழைய தறி வாங்கி விற்றார், பழைய மோட்டார், பழைய பாய்லர், பழைய லிஃப்ட். மாடு போய் இரும்பு வந்தது. சட்டம் அதே சட்டம். மேனேஜருக்கு எழுதினதிலும் முதல் பக்கத்தில் நலம் விசாரித்தார். இரண்டாம் பக்கத்தில் லிஃப்ட்டின் வம்சம், எந்த மில்லில் ஓடியது, எத்தனை பாரம் சுமந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில், கயிறு மாற்றும் இடத்தில், தலைப்பிள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரிப் பதமாக எழுதினார். அங்கேதானே எவனும் முதலில் பார்ப்பான்? பேப்பரைத் திருப்பிக் கடைசியைத்தானே முதலில் பார்ப்பான், விவரம் தெரிந்தவன்?

"அண்ணா, நாணயமாகன்னு நிறுத்திட்டீங்க. நாணயமா என்ன பண்ணீங்க?" "இரு ஆத்தா." "நான் இருக்கேன். கரண்டு இருக்காது. மூணு மணிக்கெல்லாம் புடுங்கிடுவான்." மூணு மணி. அதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிடும். கதவு வழியாகப் பார்த்தார். கம்பெனி கேட்டுக்கு மாவிலை கட்டியிருந்தார்கள். பூசணிக்காய் ஒன்று முகத்தில் குங்குமம் அப்பிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தது. ஏன் உள்ளே போய்க் கத்தக்கூடாது? போனாரே. காலையில் நேரே போனார், கத்தினார், செக்யூரிட்டிக்காரன் சிரித்தான். போன மாசம் கம்பெனியின் பழைய இரும்பை வாங்க விலை பேசுகையில் இதே கேட்டில் நின்று இதே குரலில், நான் செத்தால் என் பிணத்தின் மேல்தான் இந்த வண்டி போகும் என்று மண்ணில் புரண்டவர் அல்லவா? புரண்டு, எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு, பேசின விலைக்கும் கீழே வாங்கிக்கொண்டு போனவர் அல்லவா? "பெரியவரே, இன்னிக்கி என்ன நாடகம்?" என்றான். இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி வெளியே வைத்தார்கள், மரியாதையாகத்தான். வாழ்க்கை பூராவும் உரக்கப் பேசியே விற்றவனுக்கு உண்மையைச் சொல்ல வேறு குரல் எங்கே இருக்கிறது? இருந்த ஒரே குரலைப் பொய்க்கு வாடகைக்கு விட்டாயிற்று. போலீசுக்குப் போன் போட்டார். எடுத்தவர் நிதானமாகக் கேட்டார், "விழுந்துச்சா?" இல்லைங்க. "அப்ப எதுக்குப் போன்?" மேனேஜருக்குப் போட்டார். மணி அடித்தது, அடித்தது, எடுத்தான். "சார், நான் சென்னியப்பன், கும்புடறேன், நல்லா இருக்கீங்களா, ஊட்டுல எல்லாம்" என்று ஆரம்பித்துவிட்டது வாய். பாழாய்ப்போன வாய். "பூஜை வேலையா இருக்கேன், மெயில் போடுங்க, பாக்கறேன்." அறுந்தது. அதற்கப்புறம் எடுக்கவில்லை. கும்புடறேன் என்ற ஒரு சொல்லின் இடத்தில் அந்தச் சொல்லை வைத்திருந்தால்? அந்த நேரத்துக்குள் அது போய்ச் சேர்ந்திருக்கும். சேர்ந்திருக்குமா?

சேராது, சேராது என்று இன்னொரு குரல், அது அவர் மனைவி பாவாயியின் ஆஸ்பத்திரி வாசனையோடு வந்தது. பினாயில், ஆரஞ்சுப் பழத்தோல். கோயமுத்தூரில் அந்த டாக்டர் சின்னப் பையன், மூக்குக் கண்ணாடி, மேசைமேல் ஒரு பேனாகூட இல்லை. உட்காருங்க என்றான். உட்காருவதற்குள் சொல்லிவிட்டான், "அம்மா இனி ரொம்ப நாள் இருக்க மாட்டாங்க." எடுத்த எடுப்பில். விஷயத்துக்கு வந்துவிட்டான், மல்லேஸ்வரி மாதிரி. அதற்கப்புறமும் வெகுநேரம் பேசினான். உதடு அசைந்தது. கையால் ஏதோ படம் வரைந்து காட்டினான். சென்னியப்பனின் இடது காதில் அப்பனின் செருப்பு ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. வெளியே வந்ததும் பாவாயி சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள், "என்னுங்க சொன்னாரு?" அவருக்கு முதல் வரி மட்டும்தான் தெரியும், அதைத்தான் அவளிடம் சொல்ல முடியாது. "மாத்திரை மாத்தித் தர்றாராம்" என்றார். அவர் பேசின எல்லாப் பேரத்திலும் அதுதான் மோசமான பேரம். மீதி அவ்வளவு நேரம் அந்தப் பையன் என்னதான் சொன்னான்? இதைச் செய்தால் ஒருவேளை என்று ஏதாவது சொல்லியிருப்பானோ? படம் வரைந்தானே, எதற்கு வரைந்தான்? எத்தனை ராத்திரி இதைத் தோண்டியிருக்கிறார், ஒன்றும் வரவில்லை, உதடு மட்டும் அசைகிறது. தலையில் போட்டால் மீதி கேட்காது. வாலில் போட்டால் வால்வரைக்கும் வர மாட்டான். எங்கேதான் வைப்பது, சொல்லேன், நீதான் சொல்லேன், கழுத்தட்டைக்காரா, உனக்கு எந்த இடத்தில் காது?

"அண்ணா, அழுவறீங்களா?" மல்லேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். "வேர்வை" என்றார். "கண்ணுல வேர்க்குதா? சரி, நான் ஒண்ணு சொல்லட்டுமா. முன்ன நான் ஆபீஸ்ல டைப் அடிச்சவதான். படிக்கறவன் ஒரே ஒரு வரிதான் படிப்பான்னு வெச்சுக்கங்க. அது எந்த வரின்னு நீங்களே சொல்லுங்க. மிச்சத்த அதுக்குக் கீழ அடுக்கிக்கலாம், ஏன், எப்படின்னு. படிச்சாப் படிக்கட்டும், படிக்காட்டிப் போகட்டும்." "ஒரே வரியா?" "ஒரே வரி. எனக்குச் சொல்ற மாதிரிச் சொல்லுங்க. என்னதானுங்கண்ணா சமாச்சாரம்?" அவர் அவள் முகத்தைப் பார்த்தார். முகம் இருந்தது அங்கே. வியர்வை மினுங்குகிற, மூக்குத்தியில் சாலை தெரிகிற, பொறுமை தீரப்போகிற ஒரு முகம். முகத்தைப் பார்த்ததும் பேச்சு வந்தது. "லிஃப்ட்டு, ஆத்தா. நான் வித்த லிஃப்ட்டு. கம்பிக் கயிறு அறுந்தா ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் பல்லால கவ்விப் புடிக்கறதுக்குக் கவ்வி இருக்கும். அந்தக் கவ்விக்குப் பல்லு தேஞ்சு போச்சு. மாத்திட்டுத்தான் ஆளை ஏத்தணும்னு எழுதிக் குடுத்தேன். கடைசியில எழுதியிருந்தேன். மாத்தலை. பெயிண்ட் அடிச்சுட்டாங்களாம். வாட்ச்மேன் சொல்றான், பளபளன்னு இருக்குதுங்கறான். கயிறும் பழசு. சாப்பாட்டு மணி முடிஞ்சதும் பூசணிக்காய் ஒடச்சு, மொத நடைக்குப் பொம்பளைங்கள ஏத்தறாங்களாம், மூணாவது மாடிக்கு. லட்சுமி ஏறுற மாதிரின்னு."

மல்லேஸ்வரி கதவு வழியாக எதிரே கம்பெனியை நிமிர்ந்து பார்த்தாள். "மூணாவது மாடியிலதான் சுகந்தி இருக்கா" என்றாள். "எங்கூடப் பொறந்த தங்கச்சி" என்று அவளே சொன்னாள், அப்புறம்தான் அவள் குரல் உடைந்து வெளியே வந்தது. "அட நாசமாப் போனவரே. வந்து எவ்வளவு நேரமாச்சு? ஆண்டவனை வேண்டுகிறேன்னு அடிச்சேன். நாணயமாகன்னு அடிச்சேன். சிரிச்சுட்டு உக்காந்திருந்தேனே. இதச் சொல்றதுக்கா அத்தனையும் சொன்னீங்க?" போனை எடுத்தாள், தங்கையின் எண்ணைப் போட்டாள், வைத்தாள். கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிற கம்பெனி அது, அவளுக்குத் தெரியாததா. திரையில் இருந்த நலம், ஆண்டவன், முப்பது வருடம், நாணயம் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் நீலமாக்கி அழித்தாள். வெள்ளையாகக் கிடந்தது. அவர் வாழ்க்கையில் பார்த்த எந்த நிலமும் அவ்வளவு வெறுமையாக இருந்ததில்லை. "சொல்லுங்க. ஒரே வரி." அவர் வாயைத் திறந்தார். கும்புடறேன் என்று வந்தது, பல்லைக் கடித்து விழுங்கினார். "லிஃப்ட்டில் ஆள் ஏற்றாதே" என்றார். ஏற்றாதீர்கள் என்று மாற்றலாமா என்று ஒரு கணம், ஒரே கணம், நாக்கு தடுமாறியது. அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. அடித்தாள். கீழே ஒரு வரி: கவ்வி தேய்ந்துவிட்டது, கயிறு அறுந்தால் நிற்காது. அதற்கும் கீழே அவர் பெயர், போன் நம்பர். மெயிலின் தலைப்பிலும் அதையே அடித்தாள், திறக்காவிட்டாலும் தெரியட்டும் என்று. அனுப்பு என்ற இடத்தில் ஓங்கித் தட்டினாள். "இந்தத் திரையையே பாத்துட்டிருங்க, பதில் வந்தாக் கத்துங்க. உங்களுக்குத்தான் கத்த வருமே" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடாமலே இறங்கி ஓடினாள். கொதிக்கிற தாரில் அவள் வெறுங்காலோடு ஓடுவது தெரிந்தது, ஒரு வேன் ஒலியெழுப்பி விலகிற்று. கேட்டில் செக்யூரிட்டிக்காரன் கையை நீட்டி மறிப்பதும், சாலைக்கு இந்தப் பக்கம் நிற்கும் சென்னியப்பனைக் காட்டித் தலையாட்டிச் சிரிப்பதும் தெரிந்தது. இவளையும் நாடகத்தில் சேர்த்துவிட்டான். என் முகத்தைப் பார்த்ததால் அவள் முகமும் பொய்யாகிவிட்டது என்று நினைத்து, நகர்ந்து, மெஷினுக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

திரையில் அவர்கள் அனுப்பினதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒரு கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. இதற்கு முகமில்லை, இதன் கண் எங்கே போகிறது என்று பார்க்க முடியாது, இதன் விரலைப் பிடித்து அழுத்த முடியாது. டிங் என்றது. திரையருகே குனிந்தார். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார்: தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது, விரைவில் பதிலளிப்போம், நன்றி. அவன் எழுதினதில்லை. அதுவே எழுதிக்கொண்டது. நலமா என்று கேட்கிற மாதிரி, தானாகவே மரியாதை பேசுகிற மெஷின். எதிரே மணி அடித்தது, நீளமாக, மாடுகள் கொட்டிலுக்குத் திரும்பும்போது கழுத்தில் அடிக்கிற மணி அல்ல அது, இரும்பை இரும்பால் அறுக்கிற மணி. சாப்பாட்டு நேரம் முடிந்தது. பூசணிக்காய் படியில் இல்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மல்லேஸ்வரி கேட்டின் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள், அவள் கத்துவது இங்கே கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது, அந்த டாக்டர் பையனின் உதடு மாதிரி. உள்ளே எங்கோ மோட்டார் உறுமத் தொடங்கிற்று. அந்த உறுமல் அவருக்குத் தெரியும், ஆயிரம் மோட்டார் நடுவில் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும், அவர் விற்ற உறுமல். கேட்கிறதா உனக்கு? உன்னைத்தான், கழுத்தட்டைக்காரா. உன் சட்டைப் பையில் போன் அதிர்ந்திருக்கும், இல்லை மேசைமேல் வெளிச்சம் போட்டிருக்கும், சாம்பிராணிப் புகைக்கு நடுவில் யாராவது உன்னை, சார் மெயில் என்று கூப்பிட்டிருப்பார்கள். முன்னுரை இல்லை, கும்பிடு இல்லை, வம்சம் இல்லை. நீ கேட்டபடி எழுத்தில் கொடுத்துவிட்டேன், நீ படிக்கிற இடத்தில் வைத்துவிட்டேன், இதற்குக் கீழே நான் இறங்க ஒரு படிகூடக் கிடையாது. இத்தனை வருஷம் கற்ற அத்தனையையும் தெருவில் கொட்டிவிட்டு ஒரே ஒரு வரியோடு உன் முன்னால் நிற்கிறேன், அந்தக் கிடாரியைப் பிடித்துக்கொண்டு நின்றமாதிரி, இது உதைக்கும், இது உதைக்கும். இன்னும் கயிறு மாறவில்லை. லிஃப்ட் கதவை இன்னும் சாத்தவில்லை, சாத்தியிருந்தால் உறுமல் மாறும், இன்னும் மாறவில்லை. என் குரலை நம்பாதே, என் மூஞ்சியை நம்பாதே, என்னைப் பொய்யன் என்று நாளைக்கு ஊர் கூட்டிச் சொல், ஒப்புக்கொண்டு நிற்கிறேன். இப்போது போனை எடு. அந்த ஒரு வரியைப் படி. படித்துவிட்டு வாயைத் திற, அந்தப் பெண்களை வெளியே வரச் சொல், சுகந்தியை வரச் சொல், இறங்கச் சொல்லடா, இறங்கச் சொல்.